பக்கத்து இலையில் வேற்றுக்கிரகத்து ராஜா

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

இன்று மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு பெரியவர். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிக்கு உதிரிபாகம் விற்கிறாராம்.

ஜவ்வரிசிப் பாயசம் வந்தது. நான் கப்பை நீட்டினேன். அவர் தன் கப்பைக் கவிழ்த்து வைத்தார்.

"சர்க்கரைங்களா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க. முன்னாடி ஞாயித்துக்கிழமையானா டிவில வேற்றுக்கிரகத்து ராஜா ஒருத்தன் வருவானே, பாத்திருக்கீங்களா?"

பார்க்காமலா? முகமெல்லாம் கொப்புளத்தோடு பூமியை அழிக்க வருவான். வாரா வாரம் சாவான், அடுத்த வாரம் திரும்பி வருவான். அவனுக்குப் பயந்து எட்டாவது படிக்கும்வரை விளக்கை அணைக்காமல்தான் தூங்கினேன்.

"அது நாந்தானுங்க" என்றார், ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபடி.

எனக்குப் புரையேறிவிட்டது. "அப்போ அந்தக் கொப்புளம்?"

"ஜவ்வரிசிங்க. நம்மூரு சேகோ ஃபேக்டரி சரக்கு. நாந்தான் கொண்டு போவேன். வேக வெச்சு மூஞ்சில அப்புனா, லைட்டு சூட்டுல வத்தலாட்டக் காஞ்சு புடிச்சுக்கும்."

"ஏனுங்க, அப்புறம் நடிக்கலீங்களா?"

"சீரியல் முடிஞ்சு சான்ஸ் கேட்டுப் போனா, நீ யாருன்னாங்க. ஆறு வருசம் டிவில வந்தும் என் மூஞ்சி ஒரு நாளும் வரலீங்க. இதுதான் வந்துச்சு."

பாயச வாளியைக் காட்டினார்.

"சொந்த மூஞ்சிய எப்படிங்க குடிக்கறது?"

நான் என் கப்பைப் பார்த்தேன். அது இரண்டாவது கப். அதுவும் காலி.

சின்ன வயதில் அவனுக்குப் பயந்தவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா? இனி நிம்மதியாகத் தூங்குங்கள். அவனை நான் குடித்துவிட்டேன்.