நெத்திலி மேல் வண்டியை ஏற்றச் சொன்னது நான்தான்

பள்ளிபாளையத்தில் ஆற்றங்கரை வீடுகளுக்குள் காவிரி புகுந்ததே, அதற்கு அடுத்து வந்த தை மாதத்தில் என் மருமகன் மேல் ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டேன். இன்னும் அதை எடுக்கவில்லை.

அந்த வெள்ளத்தில் என் தங்கை வீட்டுக் கட்டில் மிதந்தது. அவளைக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், நான்தான் சோறு கொண்டுபோனேன்... அதை விடுங்கள். சொல்ல வேண்டியது வாயில் வராதபோது நான் இப்படித்தான் எங்கேயோ போய்விடுவேன்.

மருமகன் பெயர் குமரேசன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி என்று எல்லாம் வைத்து அதை வீடாகவே ஆக்கிவிட்டார். ஊர் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அதை வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதலில் ஏறியது நாங்கள்தான். நான், மகள் சுமதி, பேத்தி. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடிக்கிற ஒரு சின்ன ஊருக்குப் போனோம்.

நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஏரி நிரம்பினாலே கிடா வெட்டுகிற ஊர்க்காரன்! கரையில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிட்டார். சுமதி உள்ளே உப்புமா கிண்டினாள். நான் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

"எப்படிங்க மாமா இருக்குது?" என்றார் மருமகன்.

"ஒரு வாய்க்கா வெட்டி நம்ம கொள்ளுக்காட்டுக்குத் திருப்பிக்கலாமுங்க மாப்ளே."

"உப்புத்தண்ணிங்க மாமா."

"அதானே பாத்தேன்! இத்தன தண்ணிய எவனும் கேக்காம உட்டிருக்கானேன்னு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கலங்கரை விளக்கம் பார்த்தோம். பேத்திக்குப் படகு கரைக்கு வருவதைப் பார்க்க வேண்டும். கடலை ஒட்டி ஒரு சிமெண்டு ரோடு. நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுமதியும் பேத்தியும் பின்னால் கட்டிலில், பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு. கொஞ்ச தூரத்தில் ரோடு முழுக்கப் பழைய வலையை விரித்து, அதன் மேல் நெத்திலி பரப்பியிருந்தது. வெயிலில் வெள்ளி மாதிரி... மருமகன் வண்டியை நிறுத்தினார்.

"மீன் போட்டிருக்காங்க மாமா. திருப்பிக்கலாமுங்களா?"

"அட, போங்க மாப்ளே. நம்மூர்ல கொள்ளுச்செடிய ரோட்டுல போடறதில்லீங்களா? வண்டி ஏறோணும்னுதான் போடறது."

"அது கொள்ளுங்க மாமா, இது..."

"எதா இருந்தா என்னங்க? ஏறுனா சீக்கிரம் காயும். நானென்ன அறியாமயா சொல்றேன்?"

அறியாமல்தான் சொன்னேன்! பிறந்ததிலிருந்து ரோட்டில் செடியைப் பரப்பிவிட்டு, லாரியும் பஸ்ஸும் எப்போது ஏறும் என்று வரப்பில் காத்திருந்தவன் நான். ரோட்டில் பரப்பியதன் மேல் வண்டி ஏறக்கூடாது என்று எனக்கு எப்படித் தோன்றும்? இதுவரைக்கும் நீங்கள் என்னை மன்னிக்கலாம். இதற்கு மேல்தான் முடியாது.

மாமன் பேச்சைத் தட்டக்கூடாது என்று அவர் வண்டியை எடுத்தார். கொள்ளுக்காய் நொறுங்கும் சத்தம் கேட்கவில்லை. கசங்குகிற மாதிரி ஒரு சத்தம்... ஒரு பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"யோவ், கண்ணு இல்லியா ஒனக்கு? எங்க சோத்துல வண்டிய ஏத்துறியே!"

மருமகன் இறங்கிக் கும்பிட்டார். அவள் நசுங்கிய மீனை ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா, தின்னு!" அதற்குள் இன்னும் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். பின்னாலிருந்து சுமதி பதறி இறங்கினாள்.

"ஏனுங்க, இவ்வளவு மீன் கெடக்குது, கண்ணு தெரியலீங்களா? அப்பா, நீங்க பாக்கலியா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

நான் சுமதியிடம் சொன்னேன்: "நான் அப்பவே சொன்னேன் சாமி. மாப்ள கேக்கல."

எதற்காகச் சொன்னேன்? அந்தப் பெண்களுக்குப் பயந்தா? மகள் முன்னால் ஒன்றும் தெரியாத கிழவனாகிவிடுவேன் என்றா? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான் தெரிகிறது.

குமரேசன் உள்ளங்கையில் இருந்த மீனை ஓரமாக வைத்தார். அந்தப் பெண்களோடு ரோட்டில் குந்தி, நசுங்காத மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வெயில் சாயும்வரை பொறுக்கினார். நான் அவர் கட்டிய வண்டிக்குள், அவர் வைத்த மின்விசிறிக்குக் கீழே, தயிர்சோறு தின்றுகொண்டிருந்தேன்...

ஊர் திரும்பியபின், அப்பன் சொல்லியும் கேட்காதவர் ஓட்டுகிற வண்டி என்று சுமதி அதில் ஏறவே இல்லை. சொந்தப் பெண்டாட்டியே ஏற மறுத்த வண்டியை வாடகைக்கு விட அவருக்கு மனம் வரவில்லை. விற்றுவிட்டார். இப்போது போர்வெல் வண்டியோடு வடக்கே எங்கேயோ இருக்கிறார். சுமதியும் பேத்தியும் என் வீட்டில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை வருவார். போனில் பேசுவோம். "சாப்டீங்களா மாப்ளே?" என்பேன். "ஆச்சுங்க மாமா" என்பார். காவிரியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்வேன். அவரும் கேட்டுக்கொள்வார். பிறகு போனைப் பேத்தியிடம் கொடுத்துவிடுவேன்.

போன வாரம் பேத்தி ஏதோ அடம் பிடித்தாள். சுமதி என்னைக் காட்டி அவளிடம் சொன்னாள்: "அப்புச்சி சொன்னா கேக்கோணும். உங்கப்பா மாதிரி இருக்காதே."

நான் அங்கேயேதான் இருந்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்!

இத்தனை பேருக்குச் சொல்ல முடிகிறது, அவள் ஒருத்தியிடம் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். எங்கள் பக்கம் வந்தால் சுமதியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: வண்டியை ஏற்றச் சொன்னது உன் அப்பன், உன் புருசன் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று. நான் சொல்லியனுப்பினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்...

இல்லை. நான் சொல்லியனுப்பினேன் என்றே சொல்லுங்கள்.