டோலியின் காதுக் கட்டு

ஆபரேஷன் முடிந்த முயல்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். நான் கல்லூரியில் படித்தபோது, நூலகத்தில் எதிர் மேசையில் ஒருத்தி தடித்த அகராதியைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். அந்த மெல்லிய, விட்டுவிடாத தாள் சத்தம்தான் முயல் காய்ந்த புல் தின்னும் சத்தமும். மும்பை செம்பூரில் என் உள்ளறையிலிருந்து அது கேட்டால் நிம்மதியாகக் காப்பி குடிப்பேன். கேட்காவிட்டால் காப்பி ஆறிப்போகும். முயல் வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது வலிக்கிறது என்று கத்தாது. சாப்பிடுவதை நிறுத்திக்கொள்ளும். வயிறு காலியானால் குடல் நின்றுவிடும். அதற்குப் பிறகு நமக்கு அதிக நேரம் கிடையாது.

பத்தியம்

போன மே மாதம் தாராவியிலிருந்து எஸ்தர் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, வீட்டிலேயே மெஷின் போட்டுத் தோல் பைகளுக்கு ஜிப் தைப்பவள். பிளாஸ்டிக் கூடைக்குள் அவள் வளர்க்கும் வெள்ளை முயல், டோலி. கர்ப்பப்பையில் கட்டி இருந்ததால் டாக்டர் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டிருந்தாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வீட்டுக்குப் போனபின் டோலி எதையும் தின்னவில்லை என்று என்னிடம் அனுப்பியிருந்தாள்.

கூடையைத் திறந்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல, இரண்டு காதுகளையும் முதுகோடு படுக்க வைத்து, எஸ்தர் ஸ்கார்ஃபால் இறுக்கிக் கட்டியிருந்தாள். முயலுக்கு உடம்புச் சூடு இறங்குவதே காது வழியாகத்தான். வெளியே மே மாத வெயில். என்ன கொடுத்தாய் என்றேன். ரஸ்க்கைச் சாயாவில் நனைத்துக் கொடுத்தாளாம். புல்லும் கீரையும் கொடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, ஒன்றும் அறியாதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“புண்ணு ஆறுத வரைக்கும் கீரை ஆவாதும்மா, குளிர்ச்சில்லா. காதத் தெறந்து போட்டா காத்து வேற ஏறிரும். நீங்க பிள்ள பெத்ததில்லையோ?”

எதிர்வீட்டு விசாரிப்பு

பெற்றதில்லை. காதுக் கட்டை அவிழ்த்துவிட்டு, எஸ்தரை அனுப்பிவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புல் மாவைத் தண்ணீரில் கரைத்து, கடைவாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். பாதி என் புடவையில் விழுந்தது. டோலி மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடித்தது. தடவிக்கொடுக்கும்போது சுகத்தில் பல்லை மெல்ல உரசுமே, அதுவல்ல. அம்மியில் கல் உப்பு நொறுங்குகிற சத்தம்.

எதிர்வீட்டு ராமநாதன் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னை எங்கே பார்த்தாலும், “ஆச்சா மாமி?” என்பார். முயல் புழுக்கை போட்டதா என்று அர்த்தம். லிஃப்டில் கேட்பார், பால் வாங்கும் இடத்தில் கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டினால் அவர் முகம் வாடிவிடும். அன்று மாலை வாசலில் நின்று அவர் கேட்டபோது, உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆனப்போ ஆச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா மாமி, கேட்டுச் சொல்லுங்கோ.”

டாக்டரின் போன்

டாக்டர் சின்னப் பெண், மராட்டிக்காரி. மறுநாள் காலையில் போனில் டோலியின் வயிற்றை அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். பிசைந்து மூடி மறந்துபோன சப்பாத்தி மாவு மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் ஒன்றும் இறங்கவில்லை என்றால் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். மறுபடி வயிற்றைத் திறந்தால் தாங்குமா என்று கேட்டேன். அவள் பின்னால் ஏதோ ஒரு நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது. இந்த மௌனத்தை என் கணவரின் கட்டிலருகே நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு டாக்டர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். இவள் ஹிந்தியில் சொன்னாள்.

“தேக்தே ஹைன், ஆன்ட்டி.” பார்க்கலாம் என்று.

கொத்தமல்லி

எஸ்தரை வரச் சொன்னேன். வழியில் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிவா என்றும் சொன்னேன். வந்தாள். கொத்தமல்லி பைக்குள்ளேயே இருந்தது. தரையில் உட்கார்ந்து டோலியை மடியில் எடுத்துக்கொண்டாள்.

“இதத் தின்னா புண்ணு சீழ் வைக்காதாம்மா?”

“வைக்காது.”

“சத்தியமா?”

“தின்னாவிட்டால் செத்துப்போகும், எஸ்தர். அது சத்தியம்.”

அவள் பையிலிருந்து ஒரு தண்டை உருவி நீட்டினாள். டோலி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இலையைக் கசக்கி, விரலை மூக்கருகே வைத்துக்கொண்டு, “என் தங்கம்லா, ஒரு வாயி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சமையலறைக்குப் போய் வேலையில்லாமல் நின்றேன். திரும்பி வந்தபோது டோலியின் மீசை அசைந்துகொண்டிருந்தது. தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அடுத்த தண்டும் போனது. வெளிச்சம் குறையும் நேரத்தில் எஸ்தரின் புடவையில் மிளகு மாதிரிச் சில புழுக்கைகள் உதிர்ந்தன. எஸ்தர் அவற்றைத் தட்டிவிடவில்லை. என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“எனக்கும் கர்ப்பப்பையத்தாம்மா எடுத்தாவ, போன வருசம். தையல் பிரிக்கதுக்கு முன்னயே மெஷின்ல உக்காந்துட்டேன். எனக்கு யாரும் காதக் கட்டி விடல. இதுக்காவது கட்டுவோம்னு கட்டினேன்.”

இந்தத் தொழிலில், உயிர் பிழைத்தவர்கள் யாரும் நம்மைத் தேடி வருவதில்லை: டோலி தாராவியில் எஸ்தரின் மெஷினுக்குக் கீழே நன்றாக இருக்கிறதாம், இங்கிருந்து போன பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.