விமானம் பார்க்கப் போகிற சிசிலியா அக்கா

“அங்க படி இருக்கா, லிஃப்ட் இருக்கா?”

இதைக் கேட்கும்போதும் சிசிலியா அக்காவின் கைகள் சும்மா இருக்காது. மேசையில் கிடக்கும் துணியையோ ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையையோ நான்காக மடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிடுவார். எங்கள் ஊர்ப்பக்கம் தஞ்சோங் கிளிங்கில் ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை அவருக்கு. கோலாலம்பூருக்குப் போய்வந்தவர் யார் அகப்பட்டாலும் இதே கேள்விதான். அவர் விசாரிப்பது அங்குள்ள விமான, விண்வெளி அருங்காட்சியகத்தைப் பற்றி.

அவருடைய கணவர் ஜேம்ஸ் அண்ணன், பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் புல் வெட்டியவர். “பிளேனோட அடிவயித்த மட்டும்தான்டி பாத்திருக்கேன். ஒரு தடவ உள்ள ஒக்காந்து பாத்துரணும்” என்பார். சிறுநீரகம் கெட்டபின் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. பறப்பது இனி நடக்காது. அருங்காட்சியகத்தில் ஏறி உட்காரும்படி ஒரு பழைய விமானம் நிற்கிறது என்று யாரோ சொல்ல, அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். அங்கே ராக்கெட்டும் விண்வெளி உடையும்கூட இருக்கின்றன என்று நான் சொன்னதற்கு ஜேம்ஸ் அண்ணன் கையை ஆட்டினார்.

“நெலாவுக்கெல்லாம் வேணாம் லா தம்பி. பினாங்குக்குப் போற பிளேன் போதும்.”

நான் பக்கத்து வீட்டுக்காரன், கார் வைத்திருப்பவன். ஆகவே இந்த ஏற்பாட்டில் நானும் ஓர் உருப்படி. என் கார் டிக்கியில் சக்கர நாற்காலி நுழைகிறதா என்று அக்கா மடித்து ஏற்றிப் பார்த்தார். ஜேம்ஸ் அண்ணன் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வழியில் தாகமெடுத்தால் வாயில் அடக்கிக்கொள்ள பிளாஸ்க் நிறைய ஐஸ் கட்டி. உப்புக் குறைத்த இட்லி, பாய், மாற்றுச் சட்டை, விசிறி. “சந்திரனுக்கே கெளம்பற மாதிரி இருக்கேக்கா” என்று கிண்டல் செய்தேன். “கூட்டிட்டுப் போயி அவர தவிக்க விடச் சொல்றியா?” என்றார்.

இத்தனை கேட்டவர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அவர் அறிந்த வெளியூர்ப் பயணம் ஆண்டுதோறும் போகும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாள் மட்டும்தான். கோயில் என்றைக்கும் திறந்திருக்கும். ஓட்டலில் அக்காவுக்கு விடுமுறை திங்கட்கிழமை. அதனால் திங்கட்கிழமையே புறப்பட்டோம்.

“இஸ்னின் தூத்தோப், காக்,” என்றான் அருங்காட்சியக வாசலில் நின்ற காவலாளி. திங்கட்கிழமை மூடல், அக்கா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா மரத்தடியில் பாயை விரித்து இட்லியை எடுத்து வைத்தார். ஜேம்ஸ் அண்ணன் நாற்காலியிலிருந்து வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்து, “பிளேனோட வாலு தெரியுதுடி” என்றார். அதைச் சொல்லிச் சொல்லியே ஊர் வந்து சேர்ந்தார்.

அதன்பின் அக்கா மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஒரு புதன்கிழமை விடுப்பு வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. ஜேம்ஸ் அண்ணனோ தலையணையை அண்டக் கொடுக்காமல் உட்கார முடியாத நிலைக்கு வந்திருந்தார். கார்ப் பயணத்தை அவர் உடம்பு தாங்காது.

“லீவ வீணாக்காத. நீ போயி எல்லாம் பாத்துட்டு வா. தேறுனதும் நான் வரேன்” என்றார். அவரும் அதை நம்பவில்லை, அக்காவும் நம்பவில்லை. ஆனாலும் அக்கா தன் தங்கை செலினாவை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு என் காரில் கிளம்பினார். பழக்க தோஷத்தில் ஐஸ் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டார்.

கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. விமானம் வெளியே, வெயிலில் நின்றது. அதில் ஏற ஒடுங்கிய, செங்குத்தான இரும்புப் படி. அக்கா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இத அவரால ஏற முடியாது தம்பி. அன்னிக்குத் தெறந்திருந்தாலும் ஏறியிருக்க முடியாது.”

பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தானே ஏறினார். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். திரையில் ஜேம்ஸ் அண்ணனின் முகம் வீங்கியிருந்தது.

“பாருங்க, உள்ளதான் ஒக்காந்திருக்கேன். சீட்டு இம்புட்டுத்தான் அகலம். இது லைட்டு. இதுதான் ஜன்னலு.”

“றெக்க தெரியுதா?”

“தெரியுது. இருங்க, காட்றேன்.”

போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். வெளியே இறக்கையும், அதன்கீழே வெட்டாத புல்லும்.

சற்று நேரத்தில் செலினாவின் குரல் மெதுவாக வந்தது. பின்னால் ஜேம்ஸ் அண்ணன் சீராகக் குறட்டை விடுவது கேட்டது. “அக்கா, அத்தான் தூங்கிட்டாரு. வச்சிரட்டா?”

“வைக்காத,” என்றார் சிசிலியா அக்கா. வலக்கை வலித்திருக்க வேண்டும். போனை இடக்கைக்கு மாற்றி, மறுபடியும் ஜன்னலில் ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.