சுவரோரத்து எர்பியம்

மூலக்குளத்து ரூபி கண்ணாடி காய்ச்சுகிறவள் என்று சொன்னால் அவள் மாமியாரே நம்பமாட்டார். அடுப்பும் கிடையாது, மணலும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள். சிலிக்கான், ஆக்சிஜன், நடுவே கொஞ்சம் எர்பியம் என்கிற அருமண் தனிமம். இந்த அணுக்களைக் கணக்காலேயே கட்டிய ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, உருக்கி, குளிரவைத்து, எது எதன் பக்கத்தில் உட்காருகிறது என்று பார்ப்பாள். எர்பியம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால்தான் அந்தக் கண்ணாடி ஒளியைப் பெருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் போச்சு.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. இந்த 2007-இல் மகளே எல்.கே.ஜி. போகிறாள், ஆராய்ச்சிக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடியப்போகிறது. கணவன் நெல்சன் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து சோறும் வடித்துவிடுவான், நல்ல மனுஷன். எப்போது முடியும் என்று அவன் கேட்காமல் இருப்பதுதான் அவளைக் குத்தும். இந்த முறை முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. எர்பியம் ஒட்டவில்லை என்று கணக்கு சொன்னது. கைடு கமலக்கண்ணன் சாரும் தன் பேப்பர்களில் அதையேதான் சொல்லியிருந்தார். தீசிஸுக்கு ஒரு படம் மட்டும் பாக்கி.

அந்தப் படம்தான் வினையாகிப் போனது. எர்பியம் கலந்த கண்ணாடி ரோஸ் நிறமாயிற்றே என்று அந்த அணுக்களுக்கு ரோஸ் கலர் கொடுத்தாள். பார்த்தால், வலது சுவரோரம் சிலது, இடது சுவரோரம் சிலது, எல்லாம் ஒரே உயரத்தில். அந்தப் பெட்டிக்கு ஒரு ஏற்பாடு உண்டு: வலது சுவரைத் தாண்டுகிற அணு இடது சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். அப்படியென்றால் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பக்கத்துப் பக்கத்து வீடு. அக்கம்பக்கத்தை எண்ணுகிற புரோகிராமோ சுவரைக் கண்டதும் நின்றுவிட்டிருக்கிறது. அதை சீனியர் கோவிந்தராசுவிடமிருந்து அப்படியே காப்பி எடுத்திருந்தாள். அந்த லேபில் எல்லாரும் அப்படித்தான், கொடுத்ததைத் திறந்து பார்ப்பதே மரியாதைக் குறைவு. திருத்தி ஓட்டினாள். சுவரைத் தாண்டி ஒட்டிக்கொண்ட எர்பியம் ஏராளம்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள்? பாவி மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷமும் விழலுக்கு இறைத்த தண்ணீர்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டு சார் ரூமுக்குப் போனாள். சீனியர் கொடுத்த புரோகிராம் தப்பு என்று சொல்லிப் படத்தைக் காட்டினாள்.

ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. படத்தை வாங்கிச் சுவரோரத்து ரோஸ் புள்ளிகளை ஒவ்வொன்றாய் எண்ணினார்.

"கோவிந்தராசுக்கு அதைக் கொடுத்தது நான்தாம்மா. நான் எழுதினது."

அவருடைய பேப்பர்கள் அத்தனையும் அதன் மேல்தானே நிற்கின்றன. தெரியாமல் வந்துவிட்டேன் சார் என்று ரூபி எழுந்தாள். அவர் உட்காரச் சொன்னார்.

"இதையே தீசிஸா எழுது. கணக்குதான் முடிஞ்சிருச்சே, நீட்டிப்பு எதுக்கு? கமலக்கண்ணன் சொன்னது தப்புன்னு முதல் அத்தியாயத்துலயே போடு. கைடு கையெழுத்து நான் போடறேன்."

உங்கள் பேர் போடாமல் எழுதட்டுமா சார் என்று கேட்கும்போதே ரூபிக்கு அழுகை வந்துவிட்டது. பேரைப் போட்டே எழுதச் சொன்னார் அவர்.