பதின்மூன்றாவது படிவம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வரும் படிவங்கள் எல்லாவற்றையும் நான்தான் நிரப்பினேன். பலெர்மோவில் எங்களைப் போன்ற இலங்கைத் தமிழர் வீடுகளில் இது வழக்கம். பெரியவர்களுக்கு இத்தாலியன் பேச வரும், எழுத வராது. ஆகவே பள்ளிக்கூடக் கடிதம், ஆஸ்பத்திரிப் பதிவு, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் எல்லாம் என் மேசைக்கு வரும். அம்மாவின் கையொப்பத்தை அம்மாவைவிட அழகாக நான் போடுவேன். இதை யாரும் பிழை என்று சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் வேல்ஸ்காரர் என்னைத் தேடினார். லிபெர்த்தா வீதியில் அம்மா வேலை செய்த வீட்டுச் சின்யோராவின் மருமகன் அவர். விளையாட்டில் உடைந்த தோளோடு பலெர்மோவுக்கு வந்து ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை இங்கிலாந்துக்காரர் என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாக மறுத்தார். நான் பள்ளி அட்லஸில் தேடிப் பார்த்தேன். வேல்ஸ் உண்மையிலேயே தனியாகத்தான் இருந்தது, வேறு நிறத்தில்.

தன் ஊரில் அவர் விளையாடியது புத்தம் புதிய ரக்பி கிளப் ஒன்றுக்கு. ரக்பியில் பதினைந்து பேர் ஆடும் ஆட்டம் ஒன்று, பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டம் ஒன்று. அந்த ஊர் முழுவதும் பதினைந்து பேர் ஆட்டத்தில் ஊறியது. அதற்கு நடுவே இவர்கள் பதின்மூன்று பேர் ஆட்டத்துக்குக் கிளப் தொடங்கினார்கள். முதல் வருடம் எல்லாவற்றிலும் தோற்றார்கள். உடை மாற்ற அறை இல்லை. பார்க்க வந்த ஆட்களைவிட வேலிக்கு அப்பால் நின்ற செம்மறிகள் அதிகம். இதையெல்லாம் அவர் ஒரு வெற்றிக் கதையைப் போலச் சொல்வார். தோற்றுக்கொண்டே இருந்தால் அது எப்படிக் கிளப் ஆகும் என்று நான் கேட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பதின்மூன்று பேர் வந்தார்கள், வந்தால் கிளப், வராவிட்டால் இல்லை என்றார். இந்த வரைவிலக்கணம் எனக்குப் பிடித்தது. கொப்பியில் எழுதிவைத்தேன்.

அதே மாதிரிக் கிளப் ஒன்றை இங்கேயும் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. பலெர்மோப் பையன்கள் கால்பந்தை விட்டு வரவில்லை. எங்கள் ஆட்களை அவர் கண்டுபிடித்ததற்குக் காரணம் வியாழக்கிழமை. இந்த நகரத்தில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் மத்தியானமும் ஞாயிறும் ஓய்வு. வியாழன் தோறும் தன் மாமியார் தேநீருக்குத் தானே தண்ணீர் கொதிக்கவைத்துப் புறுபுறுப்பதை அவர் கவனித்திருக்கிறார். ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் இத்தனை ஆண்கள் வேறெந்தக் கூட்டத்திலும் இல்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அம்மாவிடம் கேட்டார், அம்மா அப்பாவிடம் சொன்னார், அப்பா கோயிலில் அறிவித்தார். இரண்டு கிழமையில் என் கொப்பியில் பதின்மூன்று பெயர்கள் இருந்தன. பெயர், வேலை செய்யும் வீடு, சப்பாத்தின் அளவு என்று மூன்று நிரல். வேல்ஸ்காரர் என்னைச் செக்ரத்தாரியா என்று கூப்பிடத் தொடங்கினார். செயலாளர் என்று அர்த்தம். நான் நடக்கும் விதமே மாறிவிட்டது என்று அம்மா சொல்வார்.

பட்டியலில் முதற்பெயர் அப்பா. கடைசிப் பெயர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. போர் முடிந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். எந்த வழியாக வந்தார் என்பதை வீட்டில் யாரும் கதைப்பதில்லை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையின் பின்கட்டில் மட்டி கழுவினார். அவரைப் போல ஓடக்கூடியவரை நான் பார்த்ததில்லை. இவ்வளவு வேகத்தை எங்கே பழகினார் என்று வேல்ஸ்காரர் கேட்டபோது மாமா சிரித்துக்கொண்டு, “வன்னியிலை எல்லாரும் நல்லா ஓடுவினம் எண்டு சொல்லு” என்றார். அதைச் சொல்லத் தேவையில்லை என்று அப்பா கண்ணால் காட்டினார். ஊரில் பழகியது என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

வேல்ஸிலிருந்து பழைய சிவப்பு ஜேர்சிகளும் ஒரு புதுப் பந்தும் பெட்டியில் வந்தன. ஜேர்சிகள் அப்பாவுக்கு முழங்கால் வரை இருந்தன. அம்மா ஒரு ஞாயிறு முழுக்க இருந்து எல்லாவற்றையும் மடித்துத் தைத்தார். பந்தை அப்பா நேரே கோயிலுக்குக் கொண்டுபோனார். புதிதாக வாங்கும் எதையும் பிள்ளையாருக்குக் காட்டாமல் பாவிப்பதில்லை. ஐயர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன இது, பப்பாப்பழம் மாதிரி? ஆர் பேருக்கு அர்ச்சனை?”

“பதின்மூண்டு பேருக்கும், ஐயா.”

நான் கொப்பியைப் பார்த்துப் பெயரையும் நட்சத்திரத்தையும் வாசித்தேன். மாமாவின் நட்சத்திரத்தைப் பிழையாகச் சொல்ல, அவரே பின்னாலிருந்து “உத்தரட்டாதி, ஐயா, உத்தரட்டாதி” என்று மண்டபம் முழுக்கக் கேட்கத் திருத்தினார். சந்தனமும் குங்குமமும் வைத்துப் பந்து திரும்பி வந்தது.

வியாழன் மத்தியானம், பெல்லெக்ரினோ மலையடிவாரத்துப் புல்வெளியில் முதற் பயிற்சி. பந்தோடு பிடிபட்டு விழுந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, உள்ளங்காலால் பின்பக்கம் உருட்ட வேண்டும். இதுதான் பதின்மூன்று பேர் ஆட்டத்தின் விசேஷம். முதலில் பிடிபட்டவர் அப்பா. எழுந்தார், பந்தை வைத்தார், அப்படியே நின்றார்.

“காலாலையோ? வடிவாய்க் கேள், பிள்ளை.”

கேட்டேன். காலால்தான். அப்பா குனிந்து பந்தைத் தூக்கிக் கண்ணில் ஒற்றி, பின்னால் நின்றவரிடம் கையில் கொடுத்தார். அவரும் பிடிபட்டார், அவரும் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். இப்படியே பந்து ஒரு பிரசாதத் தட்டைப் போல மைதானத்தைச் சுற்றி வந்தது. வேல்ஸ்காரர் விசில் ஊதி ஊதிக் களைத்து, இவர்கள் ஏன் பந்தைக் கொஞ்சுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து நிறைய நேரம் யோசித்தார். தீர்வு மாமாவிடமிருந்து வந்தது.

“அத்தான், பூசை செய்த பந்து வீட்டை இருக்கட்டும். உதைபடுறதுக்கு எண்டு வேறை ஒண்டை வாங்குவம். அதைக் கோயில் பக்கமே கொண்டுபோகாதேங்கோ.”

அப்படித்தான் எங்கள் சாமித்தட்டில் பிள்ளையாருக்கும், அம்மா மலையிலிருந்து கொண்டுவந்த, பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் சிலைக்கும் நடுவே ஒரு ரக்பிப் பந்து குடியேறியது. இரண்டாவது பந்தில் முதலில் கால் வைத்தவரும் மாமாதான்.

ஜூன் தொடக்கத்தில் படிவங்கள் வந்தன. வெள்ளிக்கிழமை பதின்மூன்று படிவங்கள் ரோமிலிருக்கும் ரக்பிச் சங்கத்துக்குத் தபாலில் போக வேண்டும். பன்னிரண்டு போனால் அந்தக் கோடையில் எங்களுக்கு ஆட்டம் கிடையாது. ஆட்டம் இல்லாத கிளப்புக்கு அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள் என்று வேல்ஸ்காரர் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் விளையாட்டாகப் பேசவில்லை.

பன்னிரண்டை இரண்டு நாளில் நிரப்பினேன். மாமாவின் படிவம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. திங்கள் கேட்டால் நாளைக்கு என்றார். செவ்வாய் கேட்டால் தலையிடி என்றார். புதன்கிழமை நான் விடவில்லை.

“மாமா, உங்களுக்கு அடிபடப் பயமோ?”

“ஓம், குட்டி. பெரிய பயம்.”

“கோயிலிலை பேர் நட்சத்திரமெல்லாம் கத்திச் சொன்னனீங்கள்தானே? இதிலையும் அதேதானே கேக்கினம்?”

“பிள்ளையார் விலாசம் கேக்கிறதில்லையே” என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அது பகிடி என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் சோம்பலில் விடுவதைப் பிள்ளைகள் செய்து முடிப்பதுதான் எங்கள் வீட்டு ஒழுங்கு. பெயர் தெரியும். கேக் வெட்டியதால் பிறந்த தேதியும் தெரியும். விலாசம் எங்களுடையது. மாமாவின் சின்னப் படம் ஒன்று அம்மாவின் மேசை லாச்சியில் இருந்தது. மீதி பெர்மெஸ்ஸோ எண் மட்டும். வீட்டுக் கடதாசிகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். அப்பாவின் அட்டை இருந்தது, அம்மாவுடையது இருந்தது, என்னுடையதும் இருந்தது. மாமாவுடையது இல்லை. அடியில் நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. மாமாவின் பெயர், பொலிஸ் முத்திரை, மேலே ஒரு நீண்ட எண். மூன்று பக்கம் இத்தாலியன். நான் நினைத்திருந்தால் வாசித்திருக்கலாம். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது எண் மட்டுமே. அதை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்துக் கட்டத்துக்குள் எழுதினேன். மாமாவின் கையொப்பத்தையும் போட்டேன். வியாழன் மத்தியானம் பயிற்சியில் பதின்மூன்றையும் ஒரே உறையில் வைத்து வேல்ஸ்காரரிடம் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் இடியப்பத்துக்கு உட்கார்ந்தபோது அறிவித்தேன். மாமாவின் கை தட்டிலேயே நின்றது.

“என்ன நம்பர் போட்டனீ?”

சொன்னேன். எந்தக் கடிதம் என்றும் சொன்னேன்.

“எடியே, ஆரடி உன்னட்டைக் கேட்டது?” அம்மா அதுவரை என்னை அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. “எங்கடை விலாசத்தையும் போட்டே குடுத்தனீ?”

“அவளைப் பேசாதேங்கோ அக்கா” என்றார் மாமா. அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் அல்லவா. பேருந்தில் ஏறினோம். லிபெர்த்தாவில் இறங்கும்போது வெயில் இன்னும் மாடங்களின் மேல் கிடந்தது. வேல்ஸ்காரரே கதவைத் திறந்தார்.

“மச்சானுடைய பேப்பரைத் திருப்பித் தரச் சொல்லு.”

சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டார்.

“அவனுக்கு விளையாட விருப்பமில்லை எண்டு சொல்லு.”

இப்படி ஒரு பொய்யை நான் அதுவரை மொழிபெயர்த்ததில்லை. மாமாவுக்கு அந்த ஆட்டத்தில் இருந்த விருப்பம் மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். வெட்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேல்ஸ்காரர் உள்ளே போய் உறையை எடுத்து வந்தார். ஒட்டியிருந்ததைப் பிரித்து மாமாவின் படிவத்தை உருவினார். நான் எழுதிய எண்ணை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர்களுக்கு நடுவே நான் தேவைப்படவில்லை. படிவத்தை அப்பாவின் கையில் கொடுத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும் வழியில் அப்பா அதைச் சிறு சிறு துண்டாகக் கிழித்தார். ஒரே தொட்டியில் போடவில்லை. மூன்று வெவ்வேறு தெருக்களில், மூன்று குப்பைத் தொட்டிகளில் போட்டார். ஒன்றே போதாதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோபத்தை அப்படி ஆற்றுகிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதின்மூன்று படிவங்கள் தபாலில் போயின. பதின்மூன்றாவது வேல்ஸ்காரருடையது. அந்தத் தோளோடு இனி ஆடக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தும் அவர் தன் பெயரைத் தானே எழுதிவிட்டார். சின்யோரா அதற்காக ஒரு கிழமை அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் ஆட்டம் சிசிலித் தீவின் மற்றக் கரையிலிருந்து வந்த அணியோடு. பெரிதாகத் தோற்றோம். எவ்வளவு என்று கொப்பியில் இருக்கிறது, இங்கே வேண்டாம். விழுந்து கிடந்த எதிரணிக்காரர் ஒருவரை அப்பாவின் கால் தட்டிவிட, அப்பா பழக்கதோஷத்தில் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். என்னவோ ஏதோவென்று பயந்து அவர் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குள் பந்து எங்களைத் தாண்டிப் போய்விட்டது. மாமா தண்ணீர்ப் போத்தல்களோடு கோட்டுக்கு வெளியே நெடுக ஓடினார். பந்து எங்கே போனாலும் அவர் வெளியில் அதற்குச் சமமாகப் போனார். உள்ளே ஓடியவர்கள் ஒருவரும் அவரை முந்தவில்லை. இவ்வளவு ஓடக்கூடியவர் இப்படிச் செய்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் பட்டியலில் அவருடைய வரியை அடிமட்டம் வைத்து நேராக வெட்டினேன்.

கடைசி விசிலுக்குப் பிறகு வேல்ஸ்காரர் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தார். வேல்ஸில் அவருடைய பழைய கிளப்பின் அறையில் மாட்டுவதற்கு எங்கள் படம் ஒன்று கேட்டிருக்கிறார்களாம். எல்லோரும் சிவப்பு ஜேர்சியில் இரண்டு வரிசையாக நின்றார்கள். என்னைக் கொப்பியோடு நடுவில் இருத்தினார்கள். மாமா கமெராவை வாங்கிக்கொண்டார்.

“நீங்களும் வாங்கோ மாமா. அதை வேறை ஆரிட்டையும் குடுங்கோ.”

“நானும் வந்தா ஆர் உங்களைச் சிரிக்க வைக்கிறது?”

கண்ணை மேலே செருகி, நாக்கை ஒரு பக்கம் தள்ளி, தோற்றுப்போன பதின்மூன்று பேரையும் சிரிக்க வைத்து எடுத்தார். நல்ல படம். அதன் பிறகு கிளப் நான்கு கோடைகள் நின்றது. ஒவ்வொரு கோடையிலும் மாமாவே படம் எடுத்தார். என் பிறந்தநாட்களுக்கும், தெரு ஊர்வலத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும் அவர்தான். யார் கமெராவை எடுத்தாலும் இரண்டே எட்டில் வந்து கையிலிருந்து வாங்கிக்கொள்வார்.

அந்த இலையுதிர் காலத்தில் பள்ளியில் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் சின்ன மாமாவைப் பற்றி எழுதினேன். அவர் வேகமாக ஓடுவார், ஆனால் போட்டிகளில் அவருக்கு விருப்பமில்லை. அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு படம் எடுப்பது. ஆசிரியை அடியில் மிக நன்று என்று எழுதித் தந்தார். வீட்டில் அதை எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா எழுந்து குசினிக்குள் போனார். மாமா கைதட்டினார்.