சாக்கெட் இரண்டு

என் கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கறுப்பு ஜன்னல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, கோவையில் எங்கள் அலுவலகத்திலேயே இருந்த லினக்ஸ் சர்வருடையது. மற்றது, கொடுமுடிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த சர்வருடையது. இங்கிருந்தபடியே அதற்குள் நுழைந்து, நிஜமாக எத்தனை பிராசஸர் சில்லுகள் பொருத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும்படி மேடம் கேட்டிருந்தார்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவி. உக்கடத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "மேல வர்ற பெரிய நம்பரை நம்பாதீங்க தம்பி, அது ஒரே சில்லைப் பல தடவை எண்ணிக் காட்டும். கீழ சாக்கெட்னு, சில்லு உக்கார்ற குழிக்கு ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்க" என்று சொல்லியிருந்தார். நான் சரியான வரியைத்தான் பார்த்தேன், ஜன்னல்தான் தவறு. எங்கள் சர்வரில் இரண்டு சில்லுகள். கொடுமுடியில் ஒன்றே ஒன்று. இரண்டு என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதை நம்பி, மருத்துவமனையின் இன்னும் மூன்று கிளைகளின் வேலையை அந்த சர்வரில் ஏற்றினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, நோயாளிகள் நெரிகிற நேரத்தில், அது திணறி நின்றுவிட்டது. மதியம்வரை ஒரு ரிப்போர்ட்டும் வெளியே வரவில்லை. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு பெண் அன்று இறந்துபோனார். எங்களால்தான் என்று யாரும் சொல்லவில்லை. எங்களால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டத்தில், எண்ணிப் பார்த்தது யார் என்று கேட்டார்கள். நான் குனிந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். அதற்குள் மேடம், "நான்தானுங்க. தப்பாப் பாத்துப்போட்டேன்" என்றார். அந்த மாதமே வேலையை விட்டார். பிறகு அவரை எந்த அலுவலகமும் கூப்பிடவில்லை. அவருடைய இடத்துக்கு என்னை உயர்த்தினார்கள், மறுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, புற்றுநோயில் அவர் இறந்த செய்தி வந்தது. உக்கடத்து வீட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவரைத் தனியே அழைத்து, அன்று எண்ணியது நான்தான் என்றேன்.

"தெரியுமுங்க" என்றார் அவர். "சர்வர் நின்னன்னைக்கே இவங்க அதோட பதிவைப் பாத்துட்டாங்க. நீங்க அதுக்குள்ள போனீங்க, ஆனா சில்லை எண்ணவே இல்லைன்னு அதுல இருந்துச்சாம். தம்பி பயந்திருக்குது, ரெண்டு நாள்ல தானே வந்து சொல்லிரும்னாங்க. படுக்கையில கெடந்தப்பவும், யாராச்சும் கதவைத் தட்டுனா நீங்களான்னு கேப்பாங்க."

அந்த மருத்துவமனைக் கோப்பில் இன்றும் மேடத்தின் பெயர்தான் இருக்கிறது. அலுவலகத்தில் நான் இன்னும் சொல்லவில்லை.