மூடுபனியில் பார்த்த கார்

அப்புத்தளையில் மூடுபனி இறங்கியிருக்கும் காலையில் பழைய கார் பார்க்கப் போகக் கூடாது. பதுளையில் நெடுங்காலமாகக் கராஜ் நடத்தும் நான் இதை அறிந்தும் ஒருமுறை போனேன். கார் பார்த்துத் தரக் கேட்ட டீச்சருக்கு அவகாசம் இல்லை.

அவர் மடுல்சீமைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவர், வீடு பதுளையில். பசறையில் மாறி ஏற வேண்டிய பஸ் தவறினால் முதற்பாடம் போய்விடும். பதுளைக்கே இடமாற்றம் தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள் கல்வி அலுவலகத்தில். அவர் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்ல வேறு ஆளில்லை. அவர் கைக்கு எட்டும் விலையில் இருந்தது இந்தப் பழைய ஜப்பான் கார் ஒன்றுதான்.

“ஓடுமா, ஓடாதான்னு மட்டும் சொல்லுங்க ஐயா. ஓடும்னா அங்கேயே இருக்கேன். ஓடாதுன்னா இடமாத்தலை வாங்கிக்கிறேன்” என்றார்.

விற்பவர் அப்புத்தளையில் கடை வைத்திருக்கும் முதலாளி. நாங்கள் போனபோதே பொனட் சுட்டது; குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால்தான் குறை தெரியும்.

“என்ன மொதலாளி, விடிஞ்சதுமே சூடேத்திட்டீங்க?”

“குளிருதுல்ல பாஸ்! அதுவும் ஒரு உசுருதானே?” மெக்கானிக்கை இங்கே பாஸ் என்றுதான் அழைப்பார்கள்.

நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் ஐட்லிங் குறையின்றி இருந்தது. பதிகம் பாடும்போது சுருதிப்பெட்டி ஒலிப்பதுபோல் ஏறாமல் இறங்காமல் நின்றது. ஆனால் சைலன்ஸரிலிருந்து வருவது ஆயில் புகையா, சுற்றியிருக்கும் பனியா என்று பிரித்தறிய இயலவில்லை.

“அப்படியே பதுளைக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க. வழியில தெரிஞ்சிடும்” என்றார் முதலாளி.

எங்கள் பக்கத்தில் பலரும் செய்யும் பிழை அதுதான். மேலே வண்டியைப் பார்ப்பார்கள்; கீழே வீடு வரை ஓட்டி மகிழ்வார்கள். இறக்கத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டியே.

“பனி கலையட்டும். பெரகலைக்கு இறங்கித் திரும்பி ஏறிப் பாப்போம்” என்றேன்.

“பாஸ், வண்டி பாக்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தீங்களா?”

“உசுருன்னு சொன்னீங்களே, அது இருக்கான்னு பாக்கத்தான்.”

வெயில் வந்தது. முதலாளி ஓட்ட, டீச்சர் முன்னால் அமர, நான் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன். இறக்கம் முடிந்து அவர் அக்ஸிலேட்டரை மிதித்ததும், நீல நிறத்தில் ஒரு புகைமண்டலம் எழுந்தது.

டீச்சரும் கண்டுவிட்டார். “அவ்வளவுதானா ஐயா?” என்றார். குரல் தணிந்திருந்தது.

‘வேண்டாம்’ என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. ஆயினும் ஏற்றம் எஞ்சியிருந்தது. “ரெண்டாவது கியர்ல ஏத்துங்க மொதலாளி. நல்லா மிதிங்க.”

மூவரின் பாரத்தோடு கார் முனகியபடி ஏறியது. வளைவுக்கு வளைவு பின்னால் பார்த்தேன். பாதை தெளிவாக இருந்தது. மேலே வந்து, ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன். காற்று ஊதவில்லை.

பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சின் ஏற்றத்தில்தான் அதிகம் புகைக்கும்; ஆயில் மூடி வழியே காற்றையும் ஊதும். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்து, மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகைத்தால், பெரும்பாலும் அது வால்வ் சீல் பழுது. முன்னது எஞ்சினையே பிரிக்கும் வேலை. பின்னது சிறிய வேலை.

“சீலை நீங்க மாத்திக் குடுங்க மொதலாளி. பிரேக்கை நான் கழட்டிப் பாத்துடுறேன். அதுவும் சரியா இருந்தா டீச்சர் எடுத்துக்கட்டும்.”

முதலாளி தலையைச் சொறிந்தார். “சரி பாஸ். ஒங்க நெத்தித் திருநீறைப் பாத்து, சாது மனுசன்னு ஏமாந்துட்டேன்.”

முதலாளி செலவில் சீல் மாற்றினோம், பிரேக்கும் தேறியது. ஞாயிறு காலை, கோயில் வாசலில் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து டீச்சர் காரை எடுத்தார்.

நாள்தோறும் நான் ஓதும் பதிகங்களில் இறைவன் அடியாரைக் குறையோடுதான் ஏற்றுக்கொள்கிறான். பழைய காரிடம் நான் அவனைவிடக் கடுமை காட்ட நியாயமில்லை. குறையைக் கண்டதும் தள்ளாமல், அது எந்தக் குறை என்று கேட்க வேண்டும். பிரேக் குறைக்கு மட்டும் இந்தக் கருணை பொருந்தாது.

திங்கட்கிழமை மடுல்சீமையிலிருந்து போன் வந்தது.

“ஐயா, பசறை ஏத்தம் முழுக்கக் கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தேன். பின்னால ஒண்ணுமே இல்ல.”

“முன்னால பாத்து ஓட்டுங்க டீச்சர். முன்னால என்ன இருக்கு?”

“பிள்ளைங்க ஐயா. ஸ்கூல் கேட் கிட்ட நிக்கிறாங்க. மணி இன்னும் அடிக்கல.”